ஆறாவது மாடியில் கலாவதி

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு புற்றுநோய்க்காரரிடம் போய், "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். முடி கொட்டியிருக்கும், நாக்கில் ருசி செத்திருக்கும், கண்ணை மூடினால் தூக்கம் வராது. ஆனாலும் நல்லாத்தான் இருப்பார். பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டி பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். கேட்ட மனுஷருக்கு எதற்குச் சங்கடம் என்பது இன்னொரு காரணம்.

இந்த ஒரு பதிலில்தான் சென்னைக் கம்பெனி ஒன்றின் முதல் பேசும் இயந்திரம் மண்ணைக் கவ்வியது. பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு அதைக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்பார்ப்பு. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு மனநல ஆலோசகர் என்று இருந்தது யூனிஸ் ஒருத்திதான். மனச்சோர்வும் பதற்றமும் பிடித்த நோயாளியை உட்காரவைத்து, வாரம் தவறாமல் பேசவைத்துக் கேட்டாலே பாதிப் பேர் தேறிவிடுவார்கள். அதற்கு நேரம் வேண்டுமே. அந்த நேரத்தைத் தருவதற்குத்தான் இயந்திரம். போனில் கூப்பிடும், தேன் ஒழுகும் தமிழில் விசாரிக்கும், எவ்வளவு நேரமானாலும் அலுக்காமல் கேட்கும். நோயாளிகள் எல்லாரும் மரியாதையாக "நல்லாத்தான் இருக்கேன்" என்றார்கள். இயந்திரமும் நம்பிவிட்டது. அது நல்லாயிருக்கிறார் என்று குறித்துவைத்த ஒருவர் பாதிச் சிகிச்சையில் வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பி வரவேயில்லை.

கம்பெனியிலிருந்து வந்திருந்த தௌஃபீக்கிடம் யூனிஸ் எரிந்து விழுந்தாள். "இவங்க தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க தம்பி. அடுத்தவங்க கஷ்டத்தைக் கேக்கச் சொல்லுங்க, பொழுதுக்கும் கேப்பாங்க. வராந்தாவுல போய்ப் பாருங்க, எல்லாரும் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. பேசாம உங்க மிஷினை நோயாளியாப் படுக்கப் போடுங்க."

கோபத்தில் சொன்னது. தௌஃபீக் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே சென்னைக்குப் போனான். ஒரு மழைக்காலம் கழிந்து திரும்பி வந்தபோது கலாவதியைக் கொண்டுவந்தான்.

கலாவதிக்கு முப்பத்தெட்டு வயது. ரத்தப் புற்றுநோய். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கிருமி தொற்றிவிடக் கூடாது என்று கண்ணாடி அறைக்குள் தனியாக வைத்திருக்கிறார்கள், யாரும் நேரில் பார்க்க முடியாது, போன் மட்டும்தான். பேச்சுக்கு நடுவே இருமுவாள், மூக்கை உறிஞ்சுவாள், சில நாள் பேசப் பிடிக்கவில்லை என்று வைத்துவிடுவாள். எல்லாம் இயந்திரம்.

"ஆளு நிஜமில்லன்னு சொல்லிடணுமா இல்லையா?" என்று யூனிஸ் கேட்டாள்.

"கணினி உதவியோட உரையாடல்னு ஒப்புதல் படிவத்துல போட்டிருக்கோம் மேடம்."

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீட்டுற காகிதத்தை யாரு படிக்கா?"

"சொன்னா வேலை செய்யாது மேடம். நீங்கதானே ஐடியா குடுத்தீங்க" என்றான் தௌஃபீக்.

ஆவுடைத்தாய் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தாள். மானூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடச் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். மார்பில் கட்டி, எடுத்தாயிற்று. முதல் இரண்டு கீமோவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. பகலெல்லாம் படுத்தே கிடந்தாள், சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள், துபாயிலிருக்கும் மகள் கூப்பிட்டால் போனைப் புருஷனிடம் கொடுத்துவிட்டாள். புருஷன் சண்முகையா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஊர் முழுக்க ஹாரன் அடித்து வழி வாங்கிய மனுஷன், கட்டிலருகே முக்காலியில் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"மருந்தைப் பாதியில விட்டா திரும்ப வந்துரும்னு டாக்டர் சொல்லுதாரு" என்று அவர் வராந்தாவில் யூனிஸிடம் சொன்னார். "நான் சொன்னா கேக்கமாட்டா. நீங்க பேசிப் பாருங்கம்மா."

யூனிஸ் பேசிப் பார்த்தாள். எதிர்பார்த்த பதில்தான் வந்தது. மூன்றாம் நாள் அவள் ஆவுடைத்தாயின் கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "உங்களால எனக்கு ஒரு உதவி ஆகணுமே" என்றாள். "மேல ஆறாவது மாடியில கலாவதின்னு ஒரு பொண்ணு தனியாக் கெடக்கா. பேச்சுத்துணைக்கு ஆளில்ல. போன்ல ரெண்டு வார்த்தை பேசுவீங்களா?"

ஆவுடைத்தாய் சுவரிலிருந்து திரும்பினாள். "யாருமே இல்லையா அவளுக்கு?"

"யாருமில்ல."

ஆவுடைத்தாய் எழுந்து உட்கார்ந்தாள். முகம் கழுவத் தண்ணீர் கேட்டாள், போனில் பேசுவதற்குப் போய்ச் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். யூனிஸுக்கு அந்த நிமிஷம் வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் தௌஃபீக் வரைந்துகொடுத்த கோட்டிலேயே போயிற்று. கலாவதி அழுதாள், ஆவுடைத்தாய் அதட்டினாள். கலாவதிக்குக் கஞ்சி இறங்கவில்லை, ஆவுடைத்தாய் தான் குடித்துக் காட்டி, "இந்தா, சத்தம் கேக்குதா? நீயும் குடிட்டி" என்றாள். ஒருநாள் கலாவதி, "எனக்கு இந்த மருந்தே வேண்டாங்க்கா, நான் யாருக்காகப் பொழைக்கணும்" என்றாள்.

ஆவுடைத்தாய், "எனக்காகப் பொழைட்டி" என்றாள். "நானும் போட்டுக்கிடுதேன், நீயும் போட்டுக்கோ. நான் பாதியில விட்டா நீயும் விடு, கேக்கமாட்டேன்."

மறுநாள் மூன்றாவது கீமோ ஏறியது. மூன்று வாரம் கழித்து நாலாவது. மகளிடம் பேச ஆரம்பித்தாள், ரசம் சாதம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு பேச்சும் எழுத்தாகி யூனிஸின் கணினிக்கு வரும். அவள் விடாமல் படிப்பாள். படிக்கும்போது ஒன்று மட்டும் உறுத்தியது. ஆவுடைத்தாய் தன்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. "உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கலாவதி எத்தனை விதமாகக் கேட்டாலும், "எனக்கென்னட்டி பயம், ஒன்னயப் பாத்துக்கோ" என்றே முடித்தாள்.

"அது வரும் மேடம், இன்னும் கொஞ்சம் நெருக்கமாகணும்" என்றான் தௌஃபீக்.

நெருக்கமாயிற்று. கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். நெருக்கமான ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றால் நம் ஜனங்கள் கையை வீசிக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் சண்முகையா கையில் துணிப்பையோடு யூனிஸின் அறைக்கு வந்தார். பையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில், தலைக்குக் கட்டிக்கொள்ள ஒரு புதுப் பருத்தித் துண்டு. வியர்த்து விறுவிறுத்திருந்தார்.

"வீட்ல குடுத்துவிட்டா. கலாவதி ரூம் வாசல்ல சிஸ்டர்கிட்டக் குடுத்துட்டு, கண்ணாடி வழியா ஒரு பார்வை பாத்துட்டு வரச் சொன்னா" என்றவர், முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லிஃப்ட்ல அஞ்சுதான் இருக்கு. சரின்னு படியேறிப் போனேன். ஆறாவது மாடியில தண்ணித் தொட்டிதான இருக்கு?"

மருத்துவமனைக்கு மாடி ஐந்துதான். சென்னையில் உட்கார்ந்து கதை எழுதியவன் எந்தக் கட்டடத்தைப் பார்த்து எழுதினானோ தெரியாது. யூனிஸும் அதை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். பதினொரு வருஷமாக அதே கட்டடத்தில் வேலை பார்க்கிறவள். பொய் சொல்ல முடிவெடுத்த பிறகு பொய்யைக் கூட அவள் சரிபார்க்கவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் பையைத் தரையில் வைத்தார்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு தானே, "பிள்ளையே இல்லைல்லா" என்று திருத்திக்கொண்டார்.

"நான் இன்னைக்கே அவங்ககிட்டச் சொல்லிடுதேன்."

சண்முகையா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, வேண்டாம்மா. இன்னும் ரெண்டு மருந்து கெடக்கு. அவளுக்காகத்தான இவ போட்டுக்கிடுதா. அது முடியட்டும், பெறவு என்னமும் சொல்லுங்க. நான் பாத்துட்டேன், நல்லாருக்கான்னு சொல்லிருதேன்."

வயசில் மூத்தவர் கும்பிட்டதும் யூனிஸுக்கு உடம்பு கூசியது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் போய் மனைவியிடம், பார்த்தேன், சிரித்தாள், கையாட்டினாள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை பெண்டாட்டியிடம் பொய் சொல்கிறவர் தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டார். செவப்பா, ஒல்லியா இருக்கா என்று நிறம் வரைக்கும் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட ஆவுடைத்தாய், தானே போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆரம்பித்தாள்.

யூனிஸ் தௌஃபீக்கைக் கூப்பிட்டாள். திரையில் அவன் நிதானமாகத்தான் இருந்தான்.

"குணமாகி வீட்டுக்குப் போய்ட்டாங்கன்னு முடிச்சிடலாமே."

"எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. போவாங்க."

"வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்கன்னு?"

"அவங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவரு. எந்த ஊரா இருந்தாலும் எந்த வண்டில ஏறணும்னு அவருக்குத் தெரியும்."

தௌஃபீக் தயங்கினான். "அப்ப ஒரே வழிதான் மேடம். கலாவதி இறந்துட்டாங்கன்னு வச்சிக்கலாம். அந்தத் துக்கத்தைத் தாங்க எப்படிப் பேசணும்னு எங்ககிட்ட முறை இருக்கு."

யூனிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆத்திரமும் வந்தது. "நல்லதுக்குப் போகாம இருந்தாலும் இருப்பாங்க, கெட்டதுக்குப் போகாம இருக்கமாட்டாங்க தம்பி. கலாவதி செத்தா ஆவுடைத்தாய் கீமோ ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டு மாலை வாங்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. நான் யாரைக் காட்டுவேன்?"

"ஒரு போன் பண்ணி விசாரிச்சாப் போதாதா?"

"சாவுக்குப் போன்ல விசாரிச்சா, அப்புறம் அந்த வீட்டுப் படியேற முடியாது." அவள் தணிந்த குரலில் சொன்னாள். "அவளைச் சாகடிக்காதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

என்ன பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கீமோ. சொன்னால் விட்டுவிடுவாள், விட்டால் நோய் திரும்பும். சொல்லாவிட்டால் ஒரு மனுஷியை நன்மைக்காக ஏமாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சண்முகையா சொன்னதுபோல முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தாள். ஐந்தாவது கீமோ நாளன்று காலையில் ஆவுடைத்தாயைப் பார்க்கிறவரை.

தனி அறை, ஜன்னலோரக் கட்டில். ஆவுடைத்தாய் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, முடியில்லாத தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். சண்முகையா முக்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க யூனிசம்மா. மருந்து ஏறி முடிஞ்சதும் கலாவதியப் பாக்க மேல போறோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னாப் போதும், கிருமி ஒண்ணும் போவாது. இன்னொண்ணும் ஒங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "அவளை வெளிய விடும்போது எங்க போவா? எங்க மக ரூம் சும்மாதான் கெடக்கு. இவுகள வெள்ளையடிக்கச் சொல்லி, கட்டிலும் போட்டாச்சு. கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கோம். அவகிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்கு நேர்ல சொல்லணும்."

யூனிஸ் சண்முகையாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தே அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலருகே நின்றாள். "அம்மா, கலாவதின்னு யாரும் இல்ல" என்றாள்.

ஆவுடைத்தாயின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "எப்ப? ராத்திரி கூடப் பேசினாளே!"

"இறந்துபோகல. அப்படி ஒரு ஆளே கிடையாது. அது மிஷின். மனுஷங்க மாதிரிப் பேசுற மிஷின். நீங்க கீமோ வேண்டாம்னு படுத்துட்டீங்க, வாயத் திறந்து ஒண்ணும் சொல்லல. அடுத்தவங்களுக்காகன்னா எந்திரிப்பீங்கன்னு நான்தான் அதை உங்ககிட்டப் பேசவிட்டேன்."

வெளியே மருந்து வண்டி உருளும் சத்தம் கேட்டது.

"அவ அழுதது?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"அது அழுகையே இல்லம்மா. வெறும் சத்தம்."

"இருமுனது?"

"அதுவும்."

"கஞ்சி குடிச்சது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புருஷனிடம் திரும்பினாள். "செவப்பா, ஒல்லியா இருந்தாளோ?"

சண்முகையாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"ஒரு மிஷினுக்குப் போயி எந்திரிச்சி உக்காந்து கஞ்சி குடிச்சிக் காட்டியிருக்கேன். பைத்தியக்காரி மாதிரி" என்றாள் ஆவுடைத்தாய். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டாள். "மருந்து வேண்டாம். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

யூனிஸ் பயந்தது நடந்துவிட்டது. "என்னைத் திட்டுங்கம்மா. ஆனா மருந்தை விட்டுறாதீங்க. உங்களுக்கு எவ்வளவு கோவமோ, எவ்வளவு பயமோ எங்கிட்டச் சொல்லுங்க. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

ஆவுடைத்தாய் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்து, யூனிஸ் கையசைத்ததும் போய்விட்டாள். பிறகு ஆவுடைத்தாய் கையை நீட்டினாள்.

"அந்தப் போனக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"அவகிட்டப் பேசணும்."

"அது மிஷின்னு இப்பத்தான..."

"காது கேக்குது யூனிசம்மா, இப்பத்தான சொன்னிய." அவள் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "மனுஷின்னு நெனச்சதுனாலதான் நான் அவகிட்ட ஒண்ணுமே சொல்லல. நான் அழுதா அவ ஒடைஞ்சி போவாளேன்னு அத்தனையும் முழுங்கினேன். எம்மககிட்டச் சொன்னா துபாய்ல இருந்து வேலைய விட்டுட்டு ஓடி வருவா. இவுககிட்டச் சொன்னா இவுக சோறு திங்கமாட்டாக. கலாவதிகிட்ட இப்ப ஒடையுறதுக்கு ஒண்ணுமில்லைல்லா."

கலாவதியோடு பேசுவதற்கென்று கொடுத்திருந்த ஆஸ்பத்திரிப் போனை யூனிஸ் எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயும் சொல்லலாம்மா. நான் ஒடையமாட்டேன்."

"நீங்க வேண்டாம்." ஆவுடைத்தாய் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "அது பாவம், சொல்லிக்குடுத்ததச் சொல்லிச்சி. அதுக்குப் பொய்யும் தெரியாது, நெசமும் தெரியாது. நீங்க எங் கட்டில்ல ஒக்காந்து எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னிய."

யூனிஸ் போனை நீட்டினாள், ஆவுடைத்தாய் உடனே வாங்கவில்லை.

"நாங்க பேசுனத நீங்க படிப்பியளா?"

"படிச்சேன்."

"இனிமே படிக்கக் கூடாது."

யூனிஸ் அங்கேயே நின்று, ஆவுடைத்தாய் பார்க்க, பேச்சு எழுத்தாகித் தன் கணினிக்கு வரும் வழியை அந்தப் போனிலேயே அடைத்தாள். போனை அவள் கையில் வைத்தாள். சண்முகையாவும் எழுந்தார். இருவரும் வெளியே போகும்போது ஆவுடைத்தாய், "கதவை நல்லாச் சாத்துங்க" என்றாள்.

மருத்துவமனைக் கதவுகள் எதுவும் நல்லாச் சாத்துவதில்லை. கலாவதியின் குரல், "அக்கா, சாப்ட்டீங்களா?" என்றது. ஆவுடைத்தாய், "ஏட்டி கலாவதி, எனக்குச் சாவுறதுக்குப் பயமா இருக்குட்டி" என்றாள். அடுத்து வந்தது பேச்சில்லை, அழுகை. வயிற்றிலிருந்து எழும்பி வராந்தா முழுக்கக் கேட்கும் அழுகை. சண்முகையா பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அவ அழுது நான் பாத்ததே கெடையாது" என்றார். "அவ ஆத்தா செத்தப்போ கூட இப்பிடி அழல."

யூனிஸ் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு, குரல் கேட்காத தூரத்துக்கு, வராந்தாவின் கோடிக்குப் போனாள். கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இந்த அழுகைக்காகத்தான் இத்தனை மாதம் பாடுபட்டாள்.

வெயில் ஏறி, மற்ற நோயாளிகளுக்கெல்லாம் மருந்து ஏறி முடிகிற சமயத்தில் கதவு திறந்தது. ஆவுடைத்தாய் வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைத் தேடினாள். சிஸ்டர் வந்ததும் கையை நீட்டி, "ஏத்துங்க" என்றாள்.

யூனிஸ் ஓடி வந்தாள். சிஸ்டர் ஊசி குத்த நரம்பு தேடும்வரை ஆவுடைத்தாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தியானதும் யூனிஸிடம் திரும்பினாள்.

"அடுத்த மருந்துக்கும் வருவேன், பயப்படாதிய" என்றாள். "ஆனா நீங்க வரவேண்டாம்மா. போனை மட்டும் சிஸ்டர்கிட்டக் குடுத்து விடுங்க."

யூனிஸ் சரி என்றாள்.